வேகாஸ் வழியில் ஒரு ராத்திரி: எந்த ஊரில் இறங்குவது?

முதல் தடவை லாஸ் வேகாஸ் போனபோது காரை நிறுத்திய நேரம் இன்னும் நினைவிருக்கிறது. ராத்திரி 11:10. கட்டிலில் விழுந்தபோது 12:05. இடையில் போன 55 நிமிடத்தில் நாங்கள் சூதாடவில்லை, குடிக்கவில்லை, வேடிக்கைகூடப் பார்க்கவில்லை. பார்க்கிங் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இடம் பிடித்து, லிஃப்ட்டில் இறங்கி, கேசினோ தளம் முழுவதையும் குறுக்கே கடந்து, செக்-இன் வரிசையில் நின்று, சாவி அட்டை வாங்கி, மறுபடி அதே தளத்தில் பாதி தூரம் நடந்து எங்கள் பக்கத்து லிஃப்ட்டைத் தேடினோம். கையில் ஐந்து பெட்டி, ஒரு ஐஸ் பெட்டி, ஒரு ரைஸ் குக்கர். குக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவே நடந்தவன் எங்கள் மதுரைக்காரன். மெஷினில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தலையைத் தூக்கி, குக்கரைப் பார்த்து, “இது எந்த மெஷினில் விழுந்தது?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜயான் தேசியப் பூங்காவுக்குக் கிளம்புவதாகத் திட்டம். எழுந்தது எட்டரைக்கு. மறுபடி பெட்டி, மறுபடி கேசினோ தளம், மறுபடி ஐந்தாவது மாடி. நெடுஞ்சாலையில் ஏறும்போது மணி பத்து. யூட்டா மாநில எல்லையைத் தாண்டினால் கடிகாரம் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பூங்கா வாசலில் நின்றபோது இரண்டு மணி. வண்டி நிறுத்த இடமே இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நான்கைந்து தடவை போய்விட்டேன். இப்போதெல்லாம் வழியில் தங்கும் ஊரை நான் பார்ப்பது ஒரே கணக்கில்தான். கார்க் கதவிலிருந்து கட்டில் வரை எத்தனை நிமிடம்? மறுநாள் காலை கட்டிலிலிருந்து நெடுஞ்சாலை வரை எத்தனை நிமிடம்? அறை வாடகை, சாப்பாடு, ஆட்டம் எல்லாம் அதற்குப் பிறகு.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு நீண்ட வார விடுமுறை வந்தால் வழி ஏறக்குறைய எழுதி வைத்ததுதான். ஐ-15 நெடுஞ்சாலையில் ஏறி யூட்டாவின் ஜயான், பிரைஸ் பூங்காக்கள் பக்கம் போவார்கள். இல்லையென்றால் ஐ-40 பிடித்து கிராண்ட் கேன்யன். ஆபீஸ் முடிந்து கிளம்பினால் ஒரே மூச்சில் போக முடியாது, நடுவில் ஒரு ராத்திரி எங்காவது தலை சாய்க்க வேண்டும். அந்த நடுப்பகுதியில்தான் நெவாடாவின் கேசினோ ஊர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எது யாருக்குச் சரிவரும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் ஸ்ட்ரிப். வேகாஸ் என்றதும் கண்ணில் வருகிற அந்தத் தெரு. 4.2 மைல் நீளம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பெரிய விடுதிகளில் பெரும்பாலானவை லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. பாரடைஸ் என்ற பெயரில் கவுன்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், கீழ் இருக்கும் பகுதி அது. ‘வெல்கம் டு ஃபேபுலஸ் லாஸ் வேகாஸ்’ பலகையடியில் வரிசையில் நின்று படம் எடுக்கிறோமே, 1959-ல் பெட்டி வில்லிஸ் வடிவமைத்த பலகை, அதுவும் நகரத்துக்கு வெளியேதான் நிற்கிறது.

யாராவது முதல் தடவை வருகிறார்கள் என்றால் ஸ்ட்ரிப்பைக் காட்டாமல் கூட்டிப்போவது பாவம். பெலாஜியோ விடுதி முன்னால் இருக்கும் நீரூற்று 1998 முதல் ஆடிக்கொண்டிருக்கிறது. 1,200-க்கும் மேற்பட்ட குழாய்கள்; ராத்திரியானால் கால் மணிக்கு ஒரு தடவை; காசு கிடையாது. நான் பார்த்த பத்துப் பதினைந்து ஆட்டத்தில் ஒன்றுகூட அலுக்கவில்லை. தூரத்தில் ஸ்ஃபியர் கோளம், 366 அடி உயரம், 2023-ல் திறந்தது. உள்ளே போக டிக்கெட் விலை கையைக் கடிக்கும். வெளியே நின்று அதன் வெளிப்புறத் திரை கண் சிமிட்டுவதைப் பார்ப்பது இலவசம், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஆனால் ஒரே ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவனுக்கு ஸ்ட்ரிப் சரியான இடம் இல்லை. எதிரே தெரிகிற கட்டடம் இருபது நிமிட நடை. கட்டடங்கள் அவ்வளவு பெரியவை என்பதால் தூரம் தெரியாது. தெருவைக் கடக்கப் பல இடங்களில் மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். இறங்குகிற இடம் இன்னொரு விடுதியின் வாசலாக இருக்கும். ஜூலையில் பகல் வெயில் சராசரியாகவே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அப்போது இந்த இருபது நிமிடம் இரண்டு மடங்காகத் தோன்றும்.

பிறகு பணம். அறை வாடகை 60 டாலர் என்று போட்டிருக்கும். அதன் மேல் ரிசார்ட் ஃபீ என்று, விடுதி வசதிகளுக்கான கட்டணமாக, ராத்திரிக்கு 40, 50 டாலர். அதன் மேல் வரி. பெரிய விடுதிகளில் 2016-லிருந்து பார்க்கிங்குக்கும் கட்டணம் வர ஆரம்பித்தது. 2025 மே மாதத்திலிருந்து இந்த ரிசார்ட் ஃபீயைச் சேர்த்த மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. அதனால் கடைசிப் பக்கத்தில் வரும் நெஞ்சடைப்பு குறைந்திருக்கிறது, தொகை குறையவில்லை. இதில் நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் கட்டணம் ஆள் கணக்கில் இல்லை, அறைக் கணக்கில். ஓர் அறைக்குப் பொதுவாக நான்கு பேர்தான். ஐந்து நண்பர்கள் கிளம்பினால் இரண்டு அறை, இரண்டு ரிசார்ட் ஃபீ. ஸ்ட்ரிப்பைப் பொறுத்தவரை ஐந்து என்பது மோசமான எண். ஒன்று யாரையாவது கழற்றிவிடுங்கள், இல்லை எட்டுப் பேராகச் சேருங்கள்.

அப்புறம் ஒரு ஃப்ரிட்ஜ் கதை. எங்கள் கூட்டத்தில் ஒருவன் சுத்த சைவம். ஸ்ட்ரிப்பில் அவனுக்குச் சாப்பாடு கிடைக்காமல் இல்லை, ஆனால் பத்து மணிக்கு மேல் அலைந்து கண்டுபிடிக்கிற பொறுமை அவனிடம் கிடையாது. வீட்டிலிருந்தே தயிர் சாதமும் புளியோதரையும் கட்டிக்கொண்டு வருவான். அறையில் சின்ன ஃப்ரிட்ஜ் இருந்ததைப் பார்த்ததும் ஐயாவுக்குச் சந்தோஷம். உள்ளே இருந்த குட்டிக் குட்டி பாட்டில்களை ஒழுங்காக எடுத்து மேசைமேல் அடுக்கிவிட்டு, தயிர் சாத டப்பாவை வைத்து மூடினான். காலையில் பில்லைப் பார்த்தால் ஆறு பாட்டில் மதுவும் இரண்டு சாக்லேட்டும் எங்கள் கணக்கில். அது மினிபார். பாட்டிலை எடுத்துக் கொஞ்ச நேரத்துக்குள் திருப்பி வைக்காவிட்டால் சென்சார் கணக்கு எழுதிவிடும். கீழே போய், மூடி திறக்காத பாட்டில்களைப் படம் காட்டி, “அவன் குடிக்கிற ஜாதியே இல்லைங்க” என்கிற அர்த்தத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் மன்றாடினோம். கழித்துவிட்டார்கள். அதற்கு அரை மணி நேரம் போயிற்று. விடுதியின் பெயர் வேண்டாம், ஸ்ட்ரிப்பில் பல இடங்களில் இதே ஏற்பாடுதான். மைக்ரோவேவ் அறையில் இருக்காது, காபி மெஷினும் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் அறைக்குள் நிம்மதியாக உட்கார்ந்து காபி குடித்தால் அவர்களுக்கு என்ன லாபம்?

ஃப்ரீமாண்ட் தெரு என்கிற டவுன்டவுன் பகுதிக்கு வருவோம். இதுதான் உண்மையான லாஸ் வேகாஸ் நகரம். 1905-ல் ரயில் கம்பெனி நிலத்தை ஏலம் விட்டுப் பிறந்த ஊர். ‘கோல்டன் கேட்’ விடுதி 1906-ல் தொடங்கியது; நெவாடாவில் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்த 1931-க்கும் முந்தியது. தெருவின் நான்கைந்து பிளாக் தூரத்துக்கு மேலே கூரை மாதிரி ஒரு பெரிய திரை, 1995-ல் போட்டது. ராத்திரி ஆனால் அதில் மணிக்கொரு தடவை ஒளிக்காட்சி ஓடும், கீழே எல்லோரும் கழுத்தை வளைத்துக்கொண்டு நிற்பார்கள். நம் ஊர்த் திருவிழாக் கடைவீதியின் நெரிசல், ஆனால் வடை வாசனை இல்லை.

கார்க் கதவிலிருந்து கட்டில் வரை என்ற என் கணக்கில் ஃப்ரீமாண்ட் ஸ்ட்ரிப்பைத் தோற்கடித்துவிடும். விடுதிகள் சின்னவை, நெருக்கமானவை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அறைக்குள் இருக்கலாம். அறையை விட்டு இறங்கினால் பார்க்க வேண்டியது எல்லாம் ஒரே தெருவில். ‘கோல்டன் நக்கெட்’ விடுதியில் ஒரு தங்கக் கட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். 1980-ல் ஆஸ்திரேலியாவில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிய ஒருவருக்குக் கிடைத்தது, எடை ஏறக்குறைய 27 கிலோ. மதுரைக்காரன் அதன் முன்னால் நின்று பவுனுக்கு இன்றைய விலை என்ன என்று போனில் பார்த்துப் பெருக்கிக்கொண்டிருந்தான். வேகாஸில் நாங்கள் செலவழித்த நேரத்திலேயே மிகவும் உபயோகமான பத்து நிமிடம் அதுதான் என்பது அவன் கருத்து.

குறை என்று சொன்னால் சத்தம். தெருப்பக்கம் அறை கிடைத்தால் மேடைப் பாட்டு நள்ளிரவு தாண்டியும் ஜன்னலைத் தட்டும். செக்-இன் செய்யும்போதே உயரமான மாடி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் என்று கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, 2020-ல் திறந்த ‘சர்க்கா’ மாதிரிச் சில விடுதிகளில் 21 வயது ஆகாதவர்களுக்கு அனுமதியே கிடையாது. கூட்டத்தில் யாராவது தம்பி, இளங்கலை மாணவன் இருந்தால் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மற்றக் கேசினோக்களிலும் 21 ஆகாதவர் தளத்தைக் கடந்து நடக்கலாம், நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. நம் பையன்கள் முப்பது வயதிலும் மீசை இல்லாவிட்டால் கல்லூரி மாணவன் மாதிரி இருப்பார்கள். அடையாள அட்டை சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

ஆட விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பிளாக்ஜாக் என்கிற சீட்டாட்ட மேசையில் எழுதியிருப்பதை உட்காரும் முன் படிக்க வேண்டும். 3-க்கு 2 என்று இருந்தால், அதாவது 2 டாலர் பந்தயத்துக்கு 3 டாலர், 15 டாலர் வைத்து பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழுந்தால் 22.50 கிடைக்கும். 6-க்கு 5 என்றால் 18 தான். பார்க்க நாலரை டாலர் வித்தியாசம். ஏறக்குறைய 21 கைக்கு, அதாவது 21 ஆட்டத்துக்கு, ஒரு தடவை பிளாக்ஜாக் விழும். மணிக்கு எழுபது கை ஆடினால் மூன்று தடவைக்குக் கொஞ்சம் மேல். ஆக, மணிக்குச் சுமார் 15 டாலர் சத்தமில்லாமல் போகிறது. சக்கரம் சுழற்றும் ரூலெட் ஆட்டத்திலும் இதே வேலை. ஒரே ஒரு பூஜ்யம் இருக்கும் சக்கரத்தில் கேசினோக்காரன் பங்கு 2.7 சதவீதம், இரண்டு பூஜ்யத்தில் 5.26, மூன்று பூஜ்யத்தில் 7.69. மூன்று பூஜ்யச் சக்கரத்தை ஸ்ட்ரிப்பில் தாராளமாகப் பார்க்கலாம். குறைந்த தொகையில் 3-க்கு 2 மேசை தேட ஃப்ரீமாண்ட்தான் வசதி என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் ஆளுக்கு 40 டாலர் என்று வரம்பு வைப்பேன். சினிமா டிக்கெட்டும் பாப்கார்னும் வாங்கியதாக நினைத்துக்கொள்வது.

எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர்கள் கவனிக்க: வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருக்கிற காலத்தில் ஸ்லாட் மெஷினில் பெரிய தொகை விழுந்தால் 30 சதவீதம் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். இந்தியாவுக்கு இதில் விலக்கு இல்லை. பிளாக்ஜாக், ரூலெட் மாதிரி மேசை ஆட்டங்களுக்கு இந்தப் பிடித்தம் கிடையாது. கஞ்சா விஷயமும் அப்படியே. நெவாடாவில் கடை வைத்தே விற்கிறார்கள், ஆனால் மத்தியச் சட்டத்தில் இன்னும் குற்றம். விசாவில் இருப்பவர்கள் அந்தக் கடைப் பக்கம் தலை வைக்காமல் இருப்பது நல்லது, குடியேற்ற அதிகாரி கேட்கிற கேள்விக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது எனக்குப் பிடித்த ஊர், மெஸ்கீட். வேகாஸைத் தாண்டி ஐ-15-லேயே 80 மைல், அரிசோனா எல்லையை ஒட்டி. ஓய்வு பெற்றவர்கள் கோல்ஃப் ஆட வருகிற சின்ன ஊர். கேசினோ விடுதிகள் மூன்று, நான்குதான். பெயர்க் காரணம் சொன்னால் நம்பமாட்டீர்கள். மெஸ்கீட் என்பது ஒரு முள்மரம், நம் சீமைக் கருவேலத்தின் சொந்தக்காரன். ராமநாதபுரத்து நண்பன் ஒருவன் ஊர்ப் பலகையைப் பார்த்து, “இவ்வளவு தூரம் வந்தும் இது நம்மை விடாதாடா?” என்றான்.

இங்கே காரை நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் கட்டில். பார்க்கிங் திறந்தவெளி, இலவசம். அறையில் மினிபார் வில்லங்கம் இல்லை, ஃப்ரிட்ஜ் கிடைக்கும் அறையாகக் கேட்டுப் போடலாம். காலையில் கண் விழித்தால் நெடுஞ்சாலை வாசலில். ஜயானுக்கு இங்கிருந்து சுமார் 80 மைல். வேகாஸிலிருந்து 160. இந்த 80 மைல் வித்தியாசம்தான் எல்லாம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் யூட்டா நேரத்தில் எட்டு மணிக்கெல்லாம் பூங்கா வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊருக்குள் நுழைந்துவிடலாம், வண்டிக்கும் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதோடு, மெஸ்கீட்டைத் தாண்டியதும் வர்ஜின் நதிப் பள்ளத்தாக்கு. சாலை இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். வேகாஸில் தங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக யூட்டா போய்ச் சேருகிறவர்கள் இதை இருட்டில் கடந்துவிட்டு, என்ன இழந்தோம் என்றே தெரியாமல் இருப்பார்கள். காலை வெயில் ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேரே அடிக்கும் என்பது மட்டும் சங்கடம்; கூலிங் கிளாஸ் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மெஸ்கீட்டுக்கு எதிராக ஒரே வாதம், தூரம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஏறக்குறைய 350 மைல். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வேகாஸ் வருவதற்கே பதினொன்று ஆகிவிடும், அதன் பிறகு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட இன்னொருவன் தூங்காமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஏற்பாடு, வழியில் வரும் பார்ஸ்டோ ஊர் வரை ஒருவன், அங்கிருந்து வேகாஸ் வரை ஒருவன், மீதிக்கு மூன்றாமவன். மூன்றாமவனுக்கு முன்னிருக்கை கிடையாது. பின்னால் படுத்துத் தூங்கிவிட வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் மெஸ்கீட் முடியும். மூன்று பேருக்கு ஓட்டத் தெரியாத கூட்டம் என்றால் வேகாஸிலேயே நிறுத்திவிடுங்கள், வீராப்பு வேண்டாம்.

கிராண்ட் கேன்யன் போகிறவர்களுக்கு மெஸ்கீட் வழியே இல்லை, அவர்களுக்கு லாஃப்லின். ஐ-40-ல் நீடில்ஸ் ஊருக்கு வடக்கே, கொலராடோ ஆற்றங்கரையில். அக்கரை அரிசோனா. டான் லாஃப்லின் என்பவர் 1964-ல் ஆற்றோரம் ஓடாமல் கிடந்த ஒரு மோட்டலை வாங்கி ஆரம்பித்து, கடைசியில் ஊருக்கே அவர் பெயர் வந்துவிட்டது. 2023 வரை வாழ்ந்தார். அவருடைய ‘ரிவர்சைட்’ விடுதி இன்னும் நடக்கிறது. ஆற்றைப் பார்த்த அறையை வேகாஸின் பாதி விலைக்குக் குறைவாக நான் எடுத்திருக்கிறேன். கரையோரம் நடைபாதை, விடுதிக்கு விடுதி படகில் போகலாம். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த நடைபாதையில் உட்கார்ந்து, தண்ணீரில் விளக்கு வெளிச்சம் நீளமாக நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு, நண்பர்கள் நான்கு பேர் வேலை போன கதை, கிரீன் கார்டு கதை எல்லாம் பேசினோம். அந்த மாதிரிப் பேச்சு ஸ்ட்ரிப்பில் நடக்காது, காது கேட்காது.

காலையில் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்புக்குச் சுமார் 210 மைல். நேரம் இருந்தால் நேர்வழியை விட்டு ஓட்மன் கிராமத்தைச் சுற்றிப் போகலாம். பழைய ரூட் 66 நெடுஞ்சாலை அதன் வழியாகத்தான் போகிறது. தங்கச் சுரங்கம் மூடியபோது தொழிலாளிகள் விட்டுப்போன கழுதைகளின் வம்சம் அங்கே நடுத்தெருவில் நிற்கிறது. கார்க் கண்ணாடியை இறக்கினால் தலையை உள்ளே விட்டுவிடும். எங்களிடமிருந்து கழுதை கவர்ந்தது அரைப் பொட்டலம் முறுக்கு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் லாஃப்லினை மறந்துவிடுங்கள். நெவாடா மாநிலத்தில் பதிவான அதிகபட்ச வெப்பம், 125 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 52 செல்சியஸ், 1994 ஜூனில் இந்த ஊரில்தான். ராத்திரியிலும் காற்று அடுப்பு வாய் மாதிரி இருக்கும்.

போல்டர் சிட்டியையும் சொல்ல வேண்டும். ஹூவர் அணை கட்டின தொழிலாளிகளுக்காக 1931-ல் உருவாக்கிய ஊர். சம்பளத்தை வேகாஸில் தொலைத்துவிடக் கூடாது என்ற கவலையோ என்னவோ, அன்றே சூதாட்டத்துக்குத் தடை, இன்றைக்கும் தடை. நெவாடாவில் ஒரு ஸ்லாட் மெஷின்கூட இல்லாத ஊரில் தூங்குவது தனி அனுபவம். ஊர்ப் பூங்காவில் கோடையில் பிக்ஹார்ன் மலை ஆடுகள் கூட்டமாக இறங்கிவந்து புல் மேயும். கொம்பு சுருண்டு கன்னத்தைத் தொடும். அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கும்போது நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். நண்பர்களோடு என்றால் ஒரு சிக்கல். ஸ்ட்ரிப்புக்குப் போய்விட்டு ராத்திரி ஒரு மணிக்கு 25 மைல் திரும்பி ஓட்டுகிறவன் யார்? அவன் அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான். எங்களில் சைவக்காரன் குடிக்க மாட்டான், ஆனால் அவனுக்கு பத்தரைக்கே தூக்கம் வந்துவிடும். ஆக, எங்களுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். பிரிம் என்று மாநில எல்லையில் ஓர் ஊர் உண்டு. அதன் ‘விஸ்கி பீட்ஸ்’ 2024 இறுதியில் மூடிவிட்டது, தங்குவதற்கு இப்போது நான் சொல்ல மாட்டேன். அங்கே கலிஃபோர்னியா பக்கம் ஒரு லாட்டரிக் கடை மட்டும் எப்போதும் கூட்டமாக இருக்கும். இவ்வளவு சூதாட்டம் நடக்கிற நெவாடாவில் லாட்டரிக்கு அனுமதி இல்லை. சீட்டு வாங்க அவர்கள் எல்லை தாண்டி வருகிறார்கள். ரீனோ, தாஹோ ஏரி எல்லாம் வடக்குக் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கத்து ஆட்களுக்கு. ஐ-80-ல் நான்கு மணி நேரம், குளிர்காலத்தில் டயருக்குச் சங்கிலி கட்டத் தெரிந்திருக்க வேண்டும். தெற்கிலிருந்து போகிறவர்களுக்கு அது வழியில் இல்லை.

லாட்டரி என்றதும் ஞாபகம் வருகிறது. ஜயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சிக்கு ஏற 2022-லிருந்து குலுக்கல் முறையில்தான் அனுமதி. விண்ணப்பத்துக்கு 6 டாலர். பருவத்துக்கான முன்குலுக்கலைத் தவறவிட்டால், முந்தின நாள் மதியம் மூன்று மணிக்குள் போட வேண்டும், நான்கு மணிக்கெல்லாம் முடிவு வந்துவிடும், யூட்டா நேரப்படி. சென்ற தடவை கிளம்புவதற்கு முன் ஆபீசில் இருந்தே போட்டோம், விழுந்துவிட்டது. அந்தப் பயணம் முழுக்க எங்களுக்கு விழுந்த ஒரே குலுக்கல் அது.

சரி, இவ்வளவையும் வைத்து இந்த வருடத்துக்கு நான் போட்டிருக்கும் திட்டம் இதுதான். போகும்போது வேகாஸில் நிறுத்தவே போவதில்லை. பெட்ரோல் போட்டுக்கொண்டு மெஸ்கீட். உடம்பில் தெம்பு இருக்கும் நாளை மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் கொடுத்துவிட வேண்டும். வேகாஸ் திரும்பி வரும் வழியில், ஞாயிறு ராத்திரி, ஃப்ரீமாண்டில். காரணம் இருக்கிறது. ஞாயிறு மதியத்திலிருந்து ஐ-15-ல் கலிஃபோர்னியா பக்கம் திரும்பும் வண்டிகள் எறும்பு வரிசைதான். பேக்கர் ஊரில் 134 அடி உயரத்துக்கு நிற்கிறதே உலகத்திலேயே உயரமான வெப்பமானி, அதை ஒரு தடவை முக்கால் மணி நேரம் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு ஊர்ந்திருக்கிறோம். அதே ஞாயிறு ராத்திரி வேகாஸில் அறை வாடகை சனிக்கிழமையின் பாதிக்கும் கீழே விழும். மேசைகளில் குறைந்தபட்சப் பந்தயமும் இறங்கும். திங்கள் காலை நிதானமாக எழுந்து காலியான சாலையில் நான்கு மணி நேரத்தில் வீடு. ஒரு நாள் லீவு செலவாகும், அவ்வளவுதான்.

புதிதாக வருகிற ஒருவனுக்காக ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் பெலாஜியோ நீரூற்று. காரை ஃப்ரீமாண்டிலேயே விட்டுவிட்டு டியூஸ் இரட்டை மாடிப் பேருந்தில் போய்வருவது.

குழுவில் இதைப் போட்டவுடன் மதுரைக்காரன் தங்கக் கட்டியை மறுபடி பார்க்கலாம் என்று கட்டைவிரல் காட்டினான். ராமநாதபுரத்தான் ஓட்டுகிற முறையில் தனக்கு முதல் பங்கு வேண்டும் என்றான். சைவக்காரன் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பதில் போட்டான்: “மெஸ்கீட் ரூம்ல ஃப்ரிட்ஜ் காலியாத்தானே இருக்கும்? போன் பண்ணிக் கேட்டுட்டியா?”